அடிபட்டவரை நெருங்கும் முன்: வேலையிடத்து ஆபத்துகளும் முதலுதவியும்

வீட்டில் ஒருவர் படியில் வழுக்கி விழுந்தால், நாம் ஓடிப்போய்த் தூக்கும்போது அந்தப் படி நம்மை ஒன்றும் செய்துவிடாது. வேலையிடத்தில் அப்படி இல்லை. மின்சாரம் தாக்கிக் கிடப்பவரின் கையில் அந்த ஒயர் இன்னும் ஒட்டியிருக்கலாம். தொட்டிக்குள் மயங்கி விழுந்தவரைச் சுற்றி அதே நச்சு வாயுதான் நிற்கிறது. விரலை இழுத்த இயந்திரம் சுழன்றுகொண்டேதான் இருக்கிறது. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தார் என்றால், அவரை விழவைத்த பலகை மேலே பாதி கழன்ற நிலையில் தொங்கலாம். காயப்படுத்திய பொருள் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது, அடுத்த ஆளையும் காயப்படுத்தும் நிலையில்.

அதனால்தான் வேலையிடத்து ஆபத்துகளைத் தெரிந்துகொள்வதையும் முதலுதவி கற்பதையும் இரண்டு தனிப் பாடங்களாகப் பிரிக்க முடியாது. என்ன ஆபத்து என்று தெரியாதவர் உதவப் போனால், தூக்கிச்செல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள்.

வேகமான ஆபத்து, மெதுவான ஆபத்து

கையேடுகளில் ஆபத்துகளை ஐந்தாகப் பிரிப்பார்கள். சத்தம், வெப்பம், மின்சாரம், உயரம் போன்ற இயற்பியல் ஆபத்துகள். அமிலம், கரைப்பான், தூசு, புகை போன்ற வேதி ஆபத்துகள். கிருமிகளால் வரும் உயிரியல் ஆபத்துகள். தவறான தோரணையாலும் பாரம் தூக்குவதாலும் வருபவை. அப்புறம், நீண்ட வேலைநேரம், மிரட்டல், ஓயாத நெருக்கடி போன்ற மனம் சார்ந்தவை. பரீட்சைக்குப் படிக்க இந்தப் பிரிவு போதும். வேலைக்குப் போகிறவருக்கு இன்னொரு பிரிவுதான் அதிகம் உதவும் என்பது என் கருத்து: நொடியில் தாக்குவது எது, ஆண்டுக்கணக்கில் தாக்குவது எது?

நொடியில் தாக்குவது எல்லோர் கண்ணிலும் படும். ரத்தம் வரும், கூட்டம் கூடும். ஆனால் அதிகம் பேரைக் கொல்வது மற்றதுதான். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2016-ல் மட்டும் வேலை தொடர்பான காரணங்களால் உலகம் முழுவதும் ஏறக்குறைய 19 லட்சம் பேர் இறந்தார்கள். அதில் விபத்துக் காயங்களால் இறந்தவர்கள் 3.6 லட்சம் பேர், அதாவது 19 சதவீதம். மீதி 81 சதவீதமும் நுரையீரல் அடைப்பு, பக்கவாதம், இதயநோய் போன்ற நோய்கள். தனித்தனிக் காரணங்களில் முதலிடம் பிடித்தது வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வது: சுமார் 7.5 லட்சம் மரணங்கள். தூசு, புகை, வாயுக்கள் 4.5 லட்சம். ஓவர்டைமை யாரும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதில்லை.

மெதுவான ஆபத்துக்கு முதலுதவியே கிடையாது. இருமல் வரும் நாளில் நுரையீரல் ஏற்கெனவே கெட்டிருக்கும். அதை வராமல் தடுக்கலாம், அல்லது சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், அவ்வளவுதான். 1700-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமசினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?' என்பதையும் மருத்துவர்கள் கேட்க வேண்டும் என்றார் அதில். 1775-ல் இங்கிலாந்தின் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் செய்பவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைபோக்கியில் படியும் புகைக்கரியே காரணம் என்று காட்டினார். முன்னூறு ஆண்டுகள் ஆகியும் ரமசினியின் கேள்வி பல மருத்துவமனைகளில் கேட்கப்படுவதில்லை. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: கல் அறுக்கிறேன், பெயின்ட் அடிக்கிறேன், பேட்டரி உருக்குகிறேன் என்று. ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்வதா வேண்டாமா என்பதே அந்த ஒரு வரியில் முடிவாகலாம்.

தூசு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கண்ணுக்குத் தெரிகிற தூசுதான் மோசம் என்று நினைக்கிறோம். பெரிய துகள்களை மூக்கும் தொண்டையுமே பெருமளவு பிடித்துவிடும். நுரையீரலின் கடைசி மூலைவரை போவது மிக நுண்ணியது, அதைத் தனித்தனியாகக் கண்ணால் பார்க்கவே முடியாது. கிரானைட், மணற்கல், கான்கிரீட் இவற்றை வெட்டும்போதும் துளையிடும்போதும் பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலில் வடுவாகத் தங்கிவிடுகிறது. அதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்தும் மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் நோய் முற்றக்கூடும். காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது. ஆனால் தடுப்பது அப்படியொன்றும் கடினமில்லை. அறுக்கும் இடத்தில் தண்ணீரைப் பாய்ச்சினாலே பெரும்பகுதித் தூசு எழும்பாது. வேலை முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதும், காற்றுக்குழாயால் உடையில் ஊதிக்கொள்வதும் படிந்த தூசை மறுபடி மூச்சுக்குள் அனுப்பும் வேலை. சாதாரணத் துணியை முகத்தில் கட்டிக்கொள்வதால் இந்த நுண்தூசு நிற்காது.

சத்தம் இன்னொரு அமைதியான திருடன். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்பதைப் பொதுவாக ஒரு வரம்பாகக் கொள்கிறார்கள். டெசிபல் கணக்கு நேர்கோட்டில் போவதில்லை: 3 டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். அதனால் 88 டெசிபலில் நான்கு மணி நேரம், 91-ல் இரண்டு மணி நேரம் என்று பாதுகாப்பான நேரம் பாதி பாதியாகக் குறைகிறது. மீட்டர் இல்லையா? கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால் வரம்பை எட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இரைச்சலால் செத்துப்போன காதின் உணர்வுச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை.

முதுகுவலி, அதிரும் கருவிகளைப் பிடித்துப் பிடித்து விரல்கள் வெளுத்து மரத்துப்போவது, நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பதால் கழுத்தும் மணிக்கட்டும் வலிப்பது, இவையெல்லாம் இதே வகைதான். சின்ன அறிகுறியாக இருக்கும்போதே சொல்லி வேலைமுறையை மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஹெல்மெட் ஏன் கடைசி?

பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட், கையுறை, மாஸ்க் என்றுதான் நினைவுக்கு வரும். பாதுகாப்புத் துறையினர் வைத்திருக்கும் வரிசையில் இவை கடைசி இடத்தில் இருக்கின்றன. முதலில் அந்த ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும்: உயரத்தில் ஏறிச் செய்யும் வேலையைத் தரையிலேயே செய்துவிட்டு மேலே தூக்கிப் பொருத்தலாமா? முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கு மாறுவது. அடுத்தது இயந்திரத்துக்கு மூடி, புகையை உறிஞ்சும் குழாய், தடுப்புக் கம்பி போன்ற ஏற்பாடுகள். அப்புறம் வேலைநேரம், சுழற்சி, பயிற்சி. இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் ஆபத்துக்குத்தான் உடம்பில் மாட்டிக்கொள்ளும் சாதனங்கள்.

காரணம் எளிது. மூடி போட்ட இயந்திரம் தொழிலாளி களைத்திருந்தாலும் காக்கும்; மாஸ்க்கோ அவர் அதைச் சரியாக மாட்டியிருந்தால் மட்டும்தான் காக்கும். சில சமயம் சாதனமே ஆபத்தாகவும் ஆகும். லேத், டிரில்லிங் போன்ற சுழலும் இயந்திரங்களில் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யக்கூடாது. துணி சிக்கினால் அதோடு விரலும் கையும் உள்ளே போகும். 'கையுறை போட்டிருந்தேனே' என்று சொல்பவரைக் குறைசொல்லிப் பயனில்லை. எந்த வேலைக்கு எது என்று யாரோ அவருக்குச் சொல்லவில்லை.

ஓடாத இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்கும்போதும் அடிபடுகிறது. ஒருவர் உள்ளே கை வைத்திருக்கிறார், அது தெரியாத இன்னொருவர் ஸ்விட்சைப் போடுகிறார். இதற்குத்தான் மின்இணைப்பை அணைத்து, அந்த இடத்தில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. 'போடாதே' என்று எழுதி ஒட்டும் காகிதத்தைவிட அந்தப் பூட்டு ஆயிரம் மடங்கு மேல்.

ஓடுவதற்கு முன் சில நொடிகள்

சரி, ஒருவர் விழுந்துவிட்டார். முதல் வேலை, நின்று பார்ப்பது. எது அவரைத் தாக்கியது, அது இன்னும் இருக்கிறதா?

மின்சாரம் என்றால் தொடுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும். மாறுமின்சாரம் சுமார் 10 முதல் 20 மில்லியாம்பியர் அளவுக்குக் கையில் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்ததை விடமுடியாமல் போகும். அவர் விடாமல் பிடித்திருப்பது அதனால்தான். நீங்கள் தொட்டால் உங்களுக்கும் அதே கதி. வீட்டு அளவு மின்னழுத்தமாக இருந்து, அணைக்கவே வழியில்லை என்றால், உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளிவிடலாம். உயர் அழுத்தக் கம்பி என்றால் கட்டையும் காப்பாற்றாது. மின்சாரம் நின்றுவிட்டதென்று பொறுப்பானவர்கள் உறுதிசெய்யும்வரை வெகுதூரம் தள்ளியே நிற்க வேண்டும். அதிர்ச்சி வாங்கியவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தோலில் ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே தசையும் இதயத்துடிப்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

தொட்டி, கிணறு, பாதாளச் சாக்கடை, குழிகள் இன்னும் மோசம். அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்றின்படி, இத்தகைய மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்கள். காற்றில் இயல்பாக 20.9 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது, 19.5-க்குக் கீழே போனாலே அதைப் பற்றாக்குறை என்று கணக்கிடுகிறார்கள். பூட்டிக்கிடக்கும் இரும்புத் தொட்டியில் துருப்பிடிப்பதுகூட ஆக்சிஜனைத் தின்றுவிடும். மூக்கை நம்ப முடியாது. அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்கிறது. 'வாடை போய்விட்டது, இறங்கலாம்' என்று நினைக்கும் நேரத்தில்தான் வாயு உச்சத்தில் இருக்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பதும் சோதனை ஆகாது. எரியும் வாயு இருந்தால் வெடிக்கும். வாயு அளவிடும் கருவி, காற்று அனுப்பும் ஏற்பாடு, இறங்குபவர் இடுப்பில் ஏற்கெனவே கட்டிய கயிறு, மேலே ஓர் ஆள், இவை இல்லாமல் யாரும் இறங்கவே கூடாது. கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுத்துவிடலாம். கட்டாமல் இறங்கியவர் விழுந்துவிட்டால், தீயணைப்புத் துறையை அழைத்துவிட்டு மேலேயே நிற்பதுதான் செய்யக்கூடியது. அதைப் படிக்கவே கொடூரமாக இருக்கிறது என்று தெரியும். ஆனால் சுவாசக்கருவி இல்லாமல் இறங்குபவரால் அவரைத் தூக்க முடியாது.

இடம் பாதுகாப்பானது என்று தெரிந்ததும் ஒருவரைக் குறிப்பிட்டுக் கைகாட்டி, 'நீங்கள் ஆம்புலன்ஸை அழையுங்கள்' என்று சொல்லுங்கள். பொதுவாக 'யாராவது கூப்பிடுங்கள்' என்றால் ஒவ்வொருவரும் மற்றவர் அழைத்துவிட்டார் என்று நினைப்பார்கள். இன்னொருவரை வாசலில் நிறுத்துங்கள். பெரிய தொழிற்கூடங்களில் ஆம்புலன்ஸ் உள்ளே வழிதெரியாமல் சுற்றுவதில் போகும் நிமிடங்கள் கொஞ்சமல்ல.

கையால் செய்ய வேண்டியவை

கூப்பிட்டால் பதிலில்லை, மூச்சும் இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். விட்டுவிட்டு மீன் போல வாயைத் திறந்து இழுப்பது மூச்சு அல்ல, அதற்கும் இதே சிகிச்சைதான். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறுகையை அதன்மேல் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அமுங்கும்படி அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இடையில் நெஞ்சு முழுதாக மேலே வர விடவேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு இரண்டு முறை வாயால் காற்று ஊதலாம். பயிற்சி இல்லாதவர் அழுத்தினாலே போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், களைத்துவிட்டால் ஆழம் குறைந்துவிடும். ஏஇடி கருவி (தாறுமாறான இதயத்துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்வது) இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். அது பேசியே வழிநடத்தும், தேவையில்லாதவருக்கு அதிர்ச்சி கொடுக்காது.

ரத்தம் பீறிட்டால் அழுத்தம்தான் மருந்து. சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று துணியை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், உறையத் தொடங்கியது கிழிந்துவிடும். நனைந்தால் மேலே இன்னொரு துணி. வயது வந்தவரின் உடலில் இருப்பது ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். பெரிய நாளம் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காத ரத்தப்போக்குக்கு, காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மீது வராமல், அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதிவைக்க வேண்டும். மெல்லிய கயிறோ ஒயரோ வேண்டாம், சதையை அறுத்துவிடும். கட்டிய பிறகு மருத்துவமனைவரை தளர்த்தக்கூடாது. கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பாக இருக்கலாம். அது அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டுங்கள்.

துண்டான விரலை ஐஸில் நேரடியாகப் போடுவது நிறையப் பேர் செய்யும் காரியம். அப்படிச் செய்தால் திசு உறைந்து, ஒட்டவைக்க முடியாமல் போகலாம். லேசாக ஈரமாக்கிய சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து நோயாளியோடு அனுப்புங்கள்.

தீப்புண்ணுக்கு ஓடும் குளிர்ந்த தண்ணீர், 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். மனதில் எண்ணினால் ஐந்தில் நிறுத்திவிடுவோம். தாமதமானாலும் மூன்று மணி நேரம்வரை இதனால் பயன் உண்டு. ஐஸ், பற்பசை, எண்ணெய், மை எதுவும் வேண்டாம். வீக்கம் வருவதற்குள் மோதிரம், கடிகாரத்தைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

அமிலமோ காரமோ பட்டால் உடையைக் கழற்றி அதே 20 நிமிடக் கழுவல். சுண்ணாம்பு போன்ற உலர்ந்த தூள் என்றால் முதலில் தட்டிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர். அமிலத்தின்மேல் காரத்தை ஊற்றிச் சமன்செய்யும் பள்ளிக்கூட வேதியியலை இங்கே செய்து பார்க்க வேண்டாம், அதில் எழும் வெப்பம் இன்னொரு தீப்புண். கண்ணில் பட்டால் இமையை விரல்களால் பிரித்துப் பிடித்து, மூக்குப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி கழுவ வேண்டும், அப்போதுதான் மறுகண்ணுக்குப் போகாது. அமிலத்தைவிடக் காரமே கண்ணுக்கு அதிகக் கேடு, அது திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். ஈர சிமென்ட்டும் காரம்தான் என்பது பலருக்குத் தெரியாது. முழங்காலில் பட்டு ஊறிய சிமென்ட், வலிக்கத் தொடங்கும்போது தோலை ஆழமாக எரித்திருக்கும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கையாளும் இடங்களில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கட்டாயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வெறும் தண்ணீரால் மட்டும் அடங்காத அமிலம் அது.

உயரத்திலிருந்து விழுந்தவரை உட்காரவைப்பதும், கைகால் பிடித்துத் தூக்கி வண்டியில் போடுவதும் அன்பால் செய்யும் கெடுதல். கழுத்தெலும்போ முதுகெலும்போ உடைந்திருந்தால், அந்த ஒரு அசைவில் கைகால் விளங்காமல் போகலாம். தலையை அசையாமல் இரு கைகளால் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். மூச்சு இல்லாதபோது மட்டும் இந்த விதிக்கு விலக்கு: உயிர் முதலில், முதுகெலும்பு பிறகு.

வெயிலிலோ உலைக்கூடத்திலோ வேலை செய்பவர் திடீரென்று உளறினால், தள்ளாடினால், அது வெப்பத்தாக்கு என்று கொள்ளுங்கள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். வியர்க்கிறதே என்று ஏமாறவும் வேண்டாம், உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை இருக்கக்கூடும். நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். முடிந்தால் கழுத்தளவு தண்ணீரில் அமர்த்துங்கள். முதலில் குளிர்வித்தல், பிறகுதான் பயணம். நினைவு தெளிவில்லாத எவருக்கும் குடிக்க எதுவும் கொடுக்கக்கூடாது, புரையேறி மூச்சடைக்கும்.

மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் வரும் ஊசிக்குத்து சின்ன விஷயமாகத் தெரியும். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுமுறை முழுவதும் காத்திருக்கக்கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வேலையில் சேரும்போதே போட்டுக்கொள்வது நல்லது.

வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், மணல் கொட்டியதுபோல உறுத்தும். கசக்காமல் மூடிவைத்து, கண் மருத்துவரைப் பாருங்கள்.

பெட்டியும் பதிவேடும்

முதலுதவிப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் அடிக்கடி சிக்கலாகிறது. மேலாளரின் அறையில் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் பெட்டி இரவு ஷிப்டில் யாருக்கும் இல்லை. கையுறைகள், பெரிய கட்டுத்துணிகள், அகலப் பட்டைகள், ஒட்டுப்பட்டை, கத்தரிக்கோல், கண் கழுவும் உப்புநீர் இருந்தால் பெரும்பாலான காயங்களுக்குப் போதும். ரசாயனம் புழங்கும் இடமென்றால் ஒவ்வொரு பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளும் அருகிலேயே இருக்கட்டும். அதை நோயாளியோடு அனுப்பினால் மருத்துவருக்கு எது பட்டது என்று ஊகிக்கும் வேலை மிச்சம். ஒவ்வொரு ஷிப்டிலும் பயிற்சி பெற்ற ஒருவராவது இருக்க வேண்டும். படித்துத் தெரிந்துகொள்வதற்கும் பொம்மையின் நெஞ்சை ஒருமுறையாவது அழுத்திப் பார்ப்பதற்கும் வித்தியாசம் அதிகம்.

அப்புறம் பதிவேடு. எந்தக் காயமானாலும் நாள், நேரம், இடம், என்ன வேலை, என்ன நடந்தது, என்ன முதலுதவி என்று எழுதுங்கள். அடிபடாமல் தப்பியதையும் எழுதலாம். ஒரே இயந்திரத்தில் ஒரே மாதத்தில் மூன்று பேருக்கு விரல் கீறியிருந்தால், கவனக்குறைவு என்று மூன்று முறை திட்டுவதைவிட அதன் மூடியைச் சரிபார்ப்பது பயன்தரும். மெதுவான ஆபத்துக்கும் இதே பதிவேடு உதவும். எந்தப் பொருளோடு எத்தனை காலம் வேலை செய்தார் என்பது, பதினைந்து ஆண்டு கழித்து மூச்சிரைப்போடு மருத்துவரிடம் போகும்போது தேவைப்படும். நிறுவனம் எழுதவில்லை என்றால் தொழிலாளியே ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொள்ளலாம்.